புதுப்பிப்பு: பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வந்தாச்சு

மனைவி மாசமாக இருப்பதை எங்கே பதிவது, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கு என் கணக்கைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேனே. கூடாது, அவள் பெயரில்தான் கணக்கு வேண்டும்.

கடலூர் முதுநகரில் எங்கள் பகுதி நர்ஸம்மா ஆதாரையும் பாஸ்புக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "இதுல அப்பா இனிஷியல், அதுல உங்க இனிஷியல். பணம் எப்படிப்பா வரும்?" கல்யாணமான புதிதில் நான் ஆர்வக்கோளாறில் மாற்றியது! அதைச் சரிசெய்ய வங்கிக்கு மூன்று நடை.

நர்ஸம்மாவிடம் பதிந்த அன்றைக்கே பிக்மி எண் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் வேண்டும், பத்திரமாக வையுங்கள். கர்ப்பமான 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்.

நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகம் இன்னும் வரவில்லை. அதிலுள்ள பேரீச்சம்பழத்துக்கு அம்மா இப்போதே பங்கு கேட்கிறார்.