கலைச்சொல் வேண்டல்: நடைமேடையில் "இன்னும் இத்தனை நிமிடம்" காட்டும் பலகை

மு. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

சுரங்க ரயில் நிலையங்களில் நடைமேடைக்கு மேலே தொங்கும் மின்பலகைக்கான மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளி மாலைக்குள் சரங்களை (பலகையில் தோன்றும் சொற்களையும் தொடர்களையும்) ஒப்படைக்க வேண்டும். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது: கருவியின் பெயர், பலகையின் தலைப்புச் சொல், வண்டி நுழையும் தறுவாயில் எண்ணுக்குப் பதிலாக வரும் சொல்.

பலகை 16 வரிசை, 192 நிரல் புள்ளிகள் கொண்டது. ஆங்கில எழுத்து ஐந்துக்கு ஏழு புள்ளியில் அடங்கிவிடும். தமிழுக்கு 16 வரிசையும் இருந்தால்தான் மேல்விலங்கு, கீழ்விலங்கு, சுழி எல்லாம் பிரிந்து தெரிகின்றன. எழுத்தொன்றுக்குச் சராசரி 12 புள்ளி அகலம். 'நே', 'ணை' அதையும் தாண்டும். தலைப்பு வரியில் பாதி தடத்தின் பெயருக்குப் போய்விடுவதால் ஏழெட்டு எழுத்துக்குள் சொல் வேண்டும்.

இப்போது கோப்பில் உள்ளது: "தொடர்வண்டி வருகை நேர முன்னறிவிப்பு மின்னணுக் காட்சிப் பலகை". இதை ஓடவிட்டால்தான் காட்ட முடியும். ஓடி முடியும்வரை நிமிட எண் மறைந்திருக்கும்.

செ. எழுதியது:

அன்பின் மு.,

"இறங்கெண் பலகை" என்று வையுங்கள். இறங்கும் எண், இறங்கெண். வினைத்தொகை. ஏறுமுகம், இறங்குமுகம் என்று வழக்கில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'எண்' என்பதற்குக் கணக்கிடுதல், கருதுதல் என இரு பொருளும் உண்டு. 'எண்ணித் துணிக கருமம்' என்னும்போது கருதுதல். நடைமேடையில் நிற்பவரும் எண்ணைப் பார்த்துத்தான் எண்ணித் துணிகிறார்: அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாமா, படியேறி வேறு தடத்துக்குப் போகலாமா என்று. இரு பொருளும் ஒரு சொல்லில் அமைவது தமிழ் நமக்குக் கொடுத்த வசதி. கவுண்ட்டவுன் என்று ஒலிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம்.

ந. எழுதியது:

ஐயா, 'இறங்கெண்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பலகை செய்யும் வேலை அதுவன்று. ஏவுகணை ஏவும்போது எண் ஒன்றொன்றாகக் குறையும். அதன் பின்னால் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இங்கே பின்னால் ஓடுவது கடிகாரமில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்ற தகவல் வரும்போதெல்லாம் புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். அதனால் 4 என்று காட்டியது 6 ஆகலாம். எண் ஏறினால் 'இறங்கெண்' பலகையே பழுதாகிவிட்டதாகப் பயணி நினைப்பார்.

கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத் தவறும் மாறும். பழைய முறையில் தண்டவாளம் துண்டு துண்டாக மின்சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளத்தையும் இணைத்துக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும்போது ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் நிலைமாற்றி) விழும். அந்தத் துண்டில் வண்டி இருப்பது தெரியும். துண்டுக்குள் எந்த இடத்தில் என்பது தெரியாது. நீளமான துண்டின் நடுவில் வண்டி நின்றுவிட்டால், வழக்கமான வேகத்தை வைத்துக் கணக்கு இறங்கிக்கொண்டே வந்து, 1 நிமிடத்தில் அப்படியே உறைந்து நிற்கும். வானொலி வழி இயங்கும் புதிய சிக்னல் முறையில் வண்டியே தன் இடத்தை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

நியூயார்க்கில் எண் பெயர் கொண்ட தடங்களில் முதலில் சிக்னல் தரவிலிருந்து நிமிடம் காட்டினார்கள். எழுத்துப் பெயர் கொண்ட தடங்களில் பெரும்பாலானவற்றில் அப்படித் தரவு எடுக்க வழியில்லை. அங்கே வண்டியின் முனைப் பெட்டிகளிலும் நடைமேடையின் இரு முனைகளிலும் ப்ளூடூத் கருவிகளைப் பொருத்தி, 2018 தொடக்கத்துக்குள் முடித்தார்கள். அந்த முறையில் வண்டி நிலையத்துக்குள் வந்ததும் வெளியேறியதும்தான் உறுதியாகத் தெரியும். இரண்டு நிலையத்துக்கு இடையே எல்லாம் கணிப்பு.

முனைய நிலையம் இன்னும் மோசம். அங்கிருந்து புறப்படாத வண்டிக்குக் கணக்கிட எதுவும் இல்லை. கால அட்டவணையை எடுத்துப் போடுகிறார்கள். ஓட்டுநர் தாமதித்தால் அடுத்த நிலையத்துப் பலகையில் 3 என்ற எண் அசையாமல் இருக்கும், அல்லது மேலே ஏறும்.

ஆகவே சொல்லில் 'கணிப்பு' வர வேண்டும் என்பது என் கருத்து. 'கணிநேரம்' பாருங்கள்.

க. எழுதியது:

ந. அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. எனினும் பொழுதை அளந்து பிறருக்கு அறிவிக்கும் கருவிக்குத் தமிழில் பெயர் இல்லாதது போல இழை போகிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் 'பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்' அரசனை வாழ்த்தி, 'குறுநீர்க் கன்னல் இனைத்தென்று இசைப்ப' என்று வருகிறதே! அளக்கிறார்கள், 'இவ்வளவு' என்று உரக்கச் சொல்கிறார்கள். நடைமேடைப் பலகையும் ஒலிபெருக்கியும் சேர்ந்து செய்வது இதே வேலை. நீரைக் கொண்டு பொழுதளக்கும் வட்டிலுக்குப் பெயரான 'கன்னல்' நான்கே எழுத்து. மு. கேட்ட அகலத்தில் ஏறக்குறையப் பாதிதான் ஆகும். 'கணி' வேண்டாம், கணினி வந்த பிறகு 'கணிநேரம்' என்றால் கணினியின் நேரம் என்றே படிப்பார்கள்.

வ. எழுதியது:

அன்பின் க.,

கன்னல் அழகான சொல். ஆனால் திசை தவறு. நாழிகை வட்டில் சொல்வது கழிந்த பொழுதை. 'இனைத்து' என்றால் இரவில் இவ்வளவு ஆகிவிட்டது என்று பொருள். பயணிக்கு வேண்டியது இனி வரவேண்டியதன் அளவு. மேலும் கன்னல் என்றால் இன்று பெரும்பாலோருக்குக் கரும்பு.

'வருகைப் பலகை' என்றால் பள்ளி வருகைப் பதிவும், 'வரவுப் பலகை' என்றால் வரவு செலவும் நினைவுக்கு வரும். 'வருநேரம்' என்பதே என் பரிந்துரை. 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்ற குறளில் வருவிருந்து என்பது இன்னும் வந்து சேராத, எதிர்பார்த்திருக்கிற விருந்து. நடைமேடையில் நிற்பவரின் நிலையும் அதுதான். கருவி 'வருநேரப் பலகை', தலைப்பு 'வருநேரம்'. ஐந்தே எழுத்து.

செ. எழுதியது:

'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்பது நன்னூல். வருநேரம் என்றால் வந்த நேரம், வருகின்ற நேரம், வரும் நேரம் மூன்றும்தான். வந்துபோன வண்டியின் நேரத்தையும் அது தழுவும். இறங்கெண்ணில் இந்த மயக்கம் இல்லை.

இன்னொன்று. பலகையில் '5 நிமிடம்' என்று எழுதப் போகிறீர்களா? நிமிடம் வடசொல். 'மணித்துளி' இருக்கிறது. அதேபோல 'ரயில்' என்றால் ரகரம் மொழிக்கு முதலில் வராது. குறைந்தது 'இரயில்' என்றாவது எழுதுங்கள்.

மு. எழுதியது:

ஐயா, மணித்துளியைச் சிலர் நிமிடத்துக்கும் சிலர் விநாடிக்கும் ஆள்கிறார்கள். நடைமேடையில் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்க முடியாது. 'நிமி.' என்ற சுருக்கத்தை எல்லாரும் படிப்பார்கள். எண்ணோடு வரும்போது 'நிமிடங்கள்' என்று பன்மையும் தேவையில்லை. '5 நிமிடம்' நல்ல தமிழ்தான், பன்மைக்குத் தனிச் சரமும் மிச்சம். ஒலி அறிவிப்பில் மட்டும் கவனம் வேண்டும்: துண்டுத் துண்டான பதிவுகளை மென்பொருள் ஒட்டுவதால் 'ஒன்று நிமிடத்தில்' என்று ஒலிக்கிறது. 1க்கு 'ஒரு' என்று தனிப் பதிவு போட்டாக வேண்டும். இரண்டு முதல் அப்படியே ஒட்டலாம்.

மூன்றாம் சரத்தை யாரும் தொடவில்லை.

ந. எழுதியது:

அந்தச் சரம்தான் பயணியை ஓட வைக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். நிமிடத்தை எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். 1 நிமிடம் 50 விநாடி மீதமிருந்தால் 1 என்று காட்டுவதே சரி. 2 என்று காட்டினால் நிதானமாகப் படியிறங்குபவர் வண்டியைத் தவறவிடுவார். ஆனால் அப்படிச் செய்தால் கடைசி ஒரு நிமிடம் முழுக்க '0' நிற்கும். சுழியத்தைப் பார்த்தால் வண்டி போய்விட்டது என்று ஒருவர் நினைப்பார், கருவி பழுது என்று இன்னொருவர் நினைப்பார். அந்த இடத்தில் சொல்தான் வேண்டும்.

'வந்துவிட்டது' போடாதீர்கள், வண்டி இன்னும் சுரங்கத்துக்குள் இருக்கும். 'வந்துகொண்டிருக்கிறது' எல்லா வண்டிக்கும் பொருந்தும், அகலமும் தாங்காது. 'வருகிறது' போதும். நடைமேடையில் நிற்கும் வண்டிக்கு 'நிற்கிறது' என்று தனிச் சரம் கேளுங்கள். ப்ளூடூத் முறையில்கூட இந்த இரண்டையும் நம்பகமாகப் பிரிக்கலாம்.

'வருநேரம்' பற்றி: எனக்கு உடன்பாடுதான், ஒரு குறையோடு. வண்டிகளின் அப்போதைய நிலவரத்தைப் பகிரப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ்-ரியல்டைம் என்ற தரவு வடிவத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரத்தோடு, கணிப்பு எத்தனை விநாடி பிசகலாம் என்று சொல்ல ஒரு புலம் உண்டு. பலகையில் அது காட்டப்படுவதே இல்லை. அட்டவணையிலிருந்து எடுத்த 3ம், நேரில் கண்டறிந்த 3ம் பலகையில் ஒன்று போலவே தெரிகின்றன. 'அட்டவணை நேரம்', 'கணித்த நேரம்' என இரு சொல் இல்லாமல் 'வருநேரம்' என்ற ஒன்றிலேயே இரண்டையும் அடைத்தால், கையேட்டைப் படிக்கும் பராமரிப்பாளர் எதைச் சரிபார்ப்பார்?

க. எழுதியது:

லண்டனில் 1980களில் புள்ளிப் பலகைகள் வருவதற்கு முன் பல நிலையங்களில் அடுத்த வண்டி எங்கே போகிறது என்பது மட்டுமே தெரிந்தது, நிமிடம் கிடையாது. ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஊர்ப் பெயருக்கு அருகே அம்புக்குறி ஒளிரும் பழைய பலகை அப்படிப்பட்டது. அவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுப் பெயர் வேண்டுமென்றால் 'வருநேரம்' பொருந்தாது என்பதைப் பதிவு செய்கிறேன். மற்றபடி வ. சொன்னதை ஏற்கிறேன்.

மு. எழுதியது:

நேரமாகிவிட்டதால் கோப்பை மூடுகிறேன். கருவி: வருநேரப் பலகை. தலைப்பு: வருநேரம். அலகு: நிமி. நுழையும்போது: வருகிறது. நின்றால்: நிற்கிறது. கையேட்டில் மட்டும் 'அட்டவணை வருநேரம்', 'கணித்த வருநேரம்' என்று பிரித்திருக்கிறேன். பலகையில் அட்டவணை எண்ணுக்கு முன்னால் 'சுமார்' என்று போட இடம் இருக்கிறதா என்று நிரலாளரிடம் கேட்டிருக்கிறேன்; எழுத்து மூன்றுதான், 36 புள்ளிக்குள் அடங்க வேண்டும்.

செ. எழுதியது:

'சுமார்' பாரசீகச் சொல். 'ஏறத்தாழ' என்று போடலாம். இரண்டு எழுத்துத்தான் கூடுதல். இறங்கெண் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை; அடுத்த பதிப்பின்போது மீண்டும் முன்வைப்பேன்.