தினமும் வேதம் வாசித்தும் கோபம் மாறவில்லையே, எங்கே பிழை?

கடுகுவிதை (கேள்வி):
ஸ்தோத்திரம். நாளுக்கு நாலு அதிகாரம் வாசிப்பு, காலையில் அரை மணி நேரம் ஜெபம், இரண்டும் தவறுவதில்லை. ஆனால் வீட்டில் நாக்கு அடங்கவில்லை. சுள்ளென்று கோபம், குத்தலான பேச்சு. ரோமர் 12:2 சொல்லும் மறுரூபம் (மனம் புதிதாகி உள்ளுக்குள் மாறுவது) அன்றாட வாழ்க்கையில் எப்படித்தான் நடக்கும்? ஜெப நேரத்தைக் கூட்ட வேண்டுமா?

திராட்சைக்கொடி:
கூட்ட வேண்டாம், வாசிப்பைக் குறையுங்கள். வேதத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு நாலு என்றால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். வேதத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள நல்ல வழிதான், ஆனால் அந்த வேகத்தில் எந்த வசனமும் நம்மைக் கேள்வி கேட்க நேரமிருக்காது.

ஆறு வாரத்துக்கு எபேசியர் 4:25-32 மட்டும் எடுங்கள், கோபத்தையும் பேச்சையும் பற்றிய வெறும் எட்டு வசனம். ஒரு தடவை சாதாரணமாக வாசியுங்கள். அடுத்த தடவை வாய்விட்டு, மெதுவாக. எந்தச் சொல் உறுத்துகிறதோ அங்கேயே நின்று, அதையே ஜெபமாக்குங்கள். பிறகு ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள். சங்கீதம் 1:2-ல் 'தியானம்' என்று வரும் எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுத்தல் என்ற பொருளும் உண்டு. ஏசாயா 31:4-ல் சிங்கம் இரைமேல் கெர்ச்சிப்பதற்கும் அதே சொல்தான். கண்ணை மூடிச் சும்மா உட்காருவதல்ல தியானம்.

இரண்டாம் மைல்:
மேலே சொன்ன பகுதியிலேயே வழிமுறையும் இருக்கிறது. 28-ம் வசனத்தைப் பாருங்கள்: திருடுகிறவன் திருடாமல் இருந்தால் மட்டும் போதாது, உழைக்க வேண்டும், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கவும் வேண்டும். பழைய குணத்தைக் களைவதோடு, இந்த நிருபத்தை எழுதிய பவுல் நிறுத்துவதில்லை, புதியதைத் தரித்துக்கொள்ளவும் சொல்கிறார். 'இனி கோபப்பட மாட்டேன்' என்ற தீர்மானம் நாலு நாளில் உடைவது இதனால்தான். களைந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

முதல் வாரம் எதையும் மாற்ற முயல வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள்: எந்த நேரம், யாரிடம், அந்த நிமிஷம் எதை எதிர்பார்த்தேன். மூன்றாவதுதான் முக்கியம். பெரும்பாலும் கோபத்துக்கு அடியில் மரியாதை கிடைக்கவில்லை என்ற வலியோ, எல்லாம் என் கைக்குள் இருக்க வேண்டும் என்ற பயமோ இருக்கும். மனந்திரும்ப வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாம் வாரத்திலிருந்து இரவில் பத்து நிமிஷம். அன்றைய நன்மைகளுக்கு நன்றி சொல்லித் தொடங்குங்கள், பிறகு சங்கீதம் 139:23-24 ('தேவனே, என்னை ஆராய்ந்து பாரும்' என்ற ஜெபம்), அதன்பின் அன்றைய பேச்சுகளை மணிவாரியாக நினைத்துப் பாருங்கள். 16-ம் நூற்றாண்டிலேயே இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், ஒரே ஒரு குறையை எடுத்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைத்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடச் சொன்னார். ஒரே குறை! ஏழெட்டை ஒன்றாக எடுத்தால் எதுவும் நகராது.

புண்படப் பேசிவிட்டால் அன்றே மன்னிப்புக் கேளுங்கள் (26-ம் வசனம்: சூரியன் அஸ்தமிக்கும் முன் கோபம் தணிய வேண்டும்). 'மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்கோ' என்பது மன்னிப்பு அல்ல. 'உன்னை மட்டமாப் பேசினேன், அது தப்பு' என்பதுதான் மன்னிப்பு.

உப்பு:
புள்ளி வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. குறைந்தால் பெருமை, கூடினால் சோர்வு, இரண்டுமே தன் நற்செயல்களை எண்ணிப் பார்க்கும் பரிசேயனின் கணக்கு. 'மறுரூபமாகுங்கள்' என்பது கிரேக்கத்தில் செயப்பாட்டு வினை, நாம் நம்மைச் செதுக்கிக்கொள்வது அல்ல. மத்தேயு 17:2-ல் இயேசு மறுரூபமானதற்கும் அதே வினைதான். அதற்காகக் கையைக் கட்டி உட்காரவும் முடியாது. பிலிப்பியர் 2:12 பிரயாசப்படச் சொல்கிறது, 13-ம் வசனம் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன் என்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால் இரண்டும் கெடும்.

இன்னொன்று, மாற்றத்தை நீங்களே மதிப்பிடாதீர்கள். மாதம் ஒருமுறை வீட்டாரிடம் கேளுங்கள், பதிலுக்கு வாதாடாதீர்கள். நம்பகமான ஒருவரிடம் யாக்கோபு 5:16-ன்படி வாய்திறந்து அறிக்கையிடுங்கள். கோபம் கைநீட்டும் அளவுக்குப் போகிறதென்றால் நோட்டுப் புத்தகம் போதாது. வீட்டாரின் பாதுகாப்புதான் முதலில். உடனே போதகரிடமும் ஆலோசகரிடமும் போங்கள்.

கடுகுவிதை:
கைநீட்டும் அளவுக்கு இல்லை, பேச்சுதான். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கணுமா?

இரண்டாம் மைல்:
வேண்டாம் பிரதர். விட்ட நாளை விட்டுவிடுங்கள், மறுநாள் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம். அன்றைக்குரிய பத்து நிமிஷம் போதும்.