டிஃபரென்ஷியலுக்குச் "சுழல்பகிர்வி": ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டியில் எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தந்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பற்சக்கர அமைப்பே டிஃபரென்ஷியல். அதற்கு "வேறுபாட்டுப் பல்லிணை" என்ற பெயரே போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. "சுழல்பகிர்வி" என்ற சொல்லை முன்வைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் வீட்டு முற்றத்தில், வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது கிடைத்த சொல் இது.

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது, இசிப்பிங்கோ பக்கம் அச்சு முழுகும் அளவு நின்ற தண்ணீரைக் கடந்து என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. (இங்கே பிக்கப் வண்டியை எல்லாரும் பக்கி என்றுதான் சொல்கிறோம், அந்த ஆப்பிரிகான்ஸ் சொல் எங்கள் பேச்சில் வேர்விட்டு நெடுங்காலம் ஆயிற்று.) டிஃபரென்ஷியல் பின்னச்சுக்குள்தான் இருக்கிறது. ஓடிச் சூடேறிய பின்னச்சு குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்நேரம் அச்சுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழல் அடைத்திருந்தாலோ, அதன் வாய் நீருக்குள் இருந்தாலோ, சுருங்கும் காற்று தண்ணீரையும் உள்ளே இழுத்துவிடும். அதனால் அடுத்த சனிக்கிழமையே பின்னச்சு எண்ணெயை மாற்றிவிட முடிவு செய்தேன். வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போகும் என் பேரனும் உதவிக்கு வந்தான்.

வண்டி சாய்வின்றி நிற்க வேண்டும் என்பதால் நான்கு சக்கரங்களையும் தூக்கித் தாங்கிகளின்மேல் நிறுத்தினோம். முதலில் எண்ணெய் நிரப்பும் மேல் பிளக்கைக் கழற்றிய பிறகே, வடிக்கும் கீழ் பிளக்கைத் தொட வேண்டும். துருவேறிய மேல் பிளக் அசைய மறுத்துவிட்டால், பழைய எண்ணெயை வடித்த பிறகு புதியதை ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே கிடக்கும். வடிந்தது பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை. அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் அகப்பட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எண்ணெய் வடிந்துகொண்டிருந்தபோது பேரன் இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினான். வண்டி கியரில் இருந்ததால், எஞ்சின் பக்கமிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நடுத்தண்டு அசையவில்லை. வலப்பக்கச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. "தாத்தா, இதை நான் முன்னால் தள்ளினால் அது பின்னால் போகிறது" என்றான். பிறகு, "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டான். அவன் கண்ணால் கண்டதை விளக்கும் பெயர் ஒன்றும் அப்போது என்னிடம் இல்லை.

எங்கள் முன்னோர் 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தபோது, அவர்கள் அறிந்திருந்த மாட்டுவண்டிக்கு இந்த உறுப்பு தேவைப்படவில்லை. அதன் சக்கரங்கள் அசையாத அச்சில் தனித்தனியே சுழல்பவை. ஒரே தண்டின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் கொடுக்க வேண்டி வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. 1827இல் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கூர் என்னும் கடிகாரக் கைவினைஞர் நீராவி வண்டிக்காக அதற்குத் தீர்வு கண்டார். கணக்கு எளியது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருந்தால், ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.36 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு குறுகலா அகலமா என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறாது. என் வண்டியின் டயருக்கு அது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. அதாவது, உட்சக்கரம் தன் பங்கில் அரைச் சுற்றை விட்டுக்கொடுக்கிறது, வெளிச்சக்கரம் அதே அரைச் சுற்றைப் பெற்றுக்கொள்கிறது. இரண்டின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. நடுத்தண்டு நின்றிருந்தபோது அந்தத் தொகை பூச்சியம் என்பதால்தான், பேரன் முன்னால் சுற்றிய அளவு மறுபக்கம் பின்னால் போயிற்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வந்துள்ள சொற்களைப் பார்ப்போம். "வகையீட்டுப் பல்லிணை" நுண்கணிதத்திலிருந்து வழிதவறி வந்தது; இங்கே எதையும் யாரும் வகையிடவில்லை. "வேறுபாட்டுப் பல்லிணை" பிழையான சொல் அன்று. ஆனால் எதற்கும் எதற்கும் வேறுபாடு, அது எப்படி உண்டாகிறது என்ற இரண்டையும் அது சொல்லாமல் விடுகிறது. வேறுபாடு விளைவு, பகிர்வே செயல். "சமனி" என்ற மூன்றாவது சொல்லை நானே சில நாள் விரும்பினேன். காரணம், ஆப்பிரிகான்ஸில் இந்த உறுப்புக்கு "இயவனார்" என்று பெயர். பூமத்திய ரேகைக்கும் அதே சொல்தான், சமன் செய்வது என்பது அதன் அடிப்பொருள். இரு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையைத் தருகிறது என்ற வகையில் அதில் உண்மை உண்டு. ஆனால் சேற்றில் சிக்கியவன், டிஃபரென்ஷியலைச் செயல்படாமல் நிறுத்தும் பூட்டைப் போட்டதும் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. சமனியைப் பூட்டினால் வேகம் சமமாகிறது என்று மாணவனுக்கு எப்படிப் புரியவைப்பது? "பகிர்விப் பூட்டு" என்றால் இந்த முரண் இல்லை: பகிர்வு நிறுத்தப்பட்டது, ஆகவே இரண்டும் சேர்ந்து சுழல்கின்றன.

நான்கு சக்கர இயக்கத்தில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டியும் பகிர்வியாகிவிடாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களை இணைக்கும் என் வண்டி போன்றவற்றில் அந்தப் பெட்டி இரண்டு அச்சுகளையும் விறைப்பாகக் கட்டிவிடுகிறது. ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பது கிடையாது. தார்ச்சாலையில் அப்படி ஓட்டக் கூடாது என்பது இதனால்தான். எப்போதும் நான்கு சக்கரங்களிலும் ஓடும் வண்டிகளில் இடையே இன்னொரு டிஃபரென்ஷியல் இருக்கிறது; அதற்கு "நடுப்பகிர்வி" பொருத்தமாக அமைகிறது. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் தீப்பொறிக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் உறுப்போடு குழப்பம் வரலாம் என்பதற்காகத்தான் முன்னொட்டாகச் "சுழல்" வேண்டும் என்கிறேன். பட்டறையில் டிஃபரென்ஷியல் டிஃப் ஆனதுபோல, சுழல்பகிர்வியும் பேச்சில் பகிர்வி என்று சுருங்கட்டும். இலக்கணப்படி "சுழற்பகிர்வி" என்று புணர வேண்டும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் என்பதால் புணராத வடிவத்தைத் தேர்ந்தேன்.

அன்று புதிய வாஷர் போட்டுக் கீழ் பிளக்கை இறுக்கி, ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெயை, மேல் துளையின் கீழ்விளிம்பில் கசியத் தொடங்கும்வரை கைப்பம்பால் ஏற்றினோம். சுவரில் தங்கிய ஈரமும் வெளியேற வேண்டும் என்பதற்காகச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதையும் வடித்து மறுபடி நிரப்பினேன். மீந்த எண்ணெயிருந்த டப்பாவில் பேரன் "பகிர்வி எண்ணெய்" என்று எழுதி ஒட்டியிருக்கிறான். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, பட்டறையில் வேலை செய்பவர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாக்கு எங்கே தடுக்குகிறது என்று தெரிவியுங்கள்.