கைக்குள் துடித்த அம்புக்குறி

முப்பது வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். சென்னையில் ரோடு கடக்க இருபது வருடமாக எனக்குக் காதுதான் துணை. பக்கத்துச் சாலை வண்டிகள் உறுமிக் கிளம்பினால், எனக்கு முன்னால் ஓடுபவை நின்றுவிட்டன என்று கணக்கு. இல்லையென்றால் யாராவது கையைப் பிடிப்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் பலர் ஒரு வார்த்தை கேட்காமல் இழுத்துவிடுவார்கள். அப்படி ஒருவர் இழுத்ததில் என் வெண்கோல் நழுவி, ஆட்டோ சக்கரத்தில் சிக்கி முறிந்தது.

போன வருடம் மகள் வீட்டுக்கு சிட்னி போனேன். பாராமட்டாவில் சிக்னல் கம்பத்தை நெருங்கும்போதே 'டக்... டக்...' என்று நிதானமாக ஒரு சத்தம். "கம்பம் இங்க இருக்குன்னு சொல்லுதுப்பா" என்று மகள் என் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். பெரிய வட்டப் பொத்தான். அதற்கு மேலே ஒரு தகடு, அதில் கடக்க வேண்டிய திசையைக் காட்டிப் புடைப்பாக ஓர் அம்புக்குறி. அந்த 'டக் டக்' உள்ளங்கையிலும் அடித்தது. பச்சை விழுந்ததும் ஒரு கீச்சு, உடனே டகடகடகவென்று வேகம். தகடும் அதே வேகத்தில் துடித்தது. காது கேளாதவரும் கை வைத்தே தெரிந்துகொள்ளலாம். இரைச்சல் கூடினால் சத்தமும் தானாகக் கூடுகிறது, தெரு அடங்கினால் குறைகிறது. இதை 1980களிலேயே அங்கே வடிவமைத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் தனியாகப் போய்ப் பால் வாங்கி வந்தேன். யார் கையும் என்மேல் படவில்லை.

சிவப்பு விளக்கு இருக்கும் இடங்களில் ஒலி சிக்னல் வைக்க வேண்டும் என்று நம் நாட்டின் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டமே சொன்னது, பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற வரம்போடு. ஆனால் ஒலி மட்டும் போதாது. சத்தம் கேட்டு நான் இறங்கும்போது 'ஃப்ரீ லெஃப்ட்' என்று சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் பைக் நிற்க வேண்டுமே? மின்சார ஸ்கூட்டர் வந்த பிறகு என் காதுக் கணக்கும் பலிப்பதில்லை.

*

மேலே உள்ள சிட்னி அனுபவத்தைப் படித்தேன். நான் லண்டன். அம்மாவுக்குப் பார்வை குறைவு. நடுவில் திட்டு வைத்து இரண்டு தடவையாகக் கடக்கிற இடங்களில் இங்கே பொதுவாக பீப் சத்தம் வைப்பதில்லை. ஒரு பக்கத்துச் சத்தத்தைக் கேட்டு மற்றப் பக்கத்தில் இறங்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான். அங்கே பொத்தான் பெட்டிக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், வரிவரியாக ஒரு சின்னக் கூம்பு தட்டுப்படும். பச்சை வந்ததும் அது சுழலும். 12 வருடம் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கு நடைப் பயிற்சி கொடுக்க வந்தவர்தான் காட்டினார்.

இப்போது ஈஸ்ட் ஹாமில் அம்மா ஒரு விரலைக் கூம்பில் வைத்துக்கொண்டு என்னோடு கதைத்தபடி நிற்பார். அப்புறம் கதையின் நடுவிலேயே, "ம், வா பிள்ளை" என்று இறங்கிவிடுவார்.