புதுப்பிப்பு: 2 அடி தொட்டிக்கு எந்த மீன்கள்?

2×1×1 அடி தொட்டியில் ஏஞ்சல் மீனும் நியான் டெட்ரா என்ற சிறு மீனும் சேருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏஞ்சல் வேண்டாம் என்று முடிவு செய்தாச்சு. வளர்ந்த ஏஞ்சல் நியானை விழுங்கிவிடும். உயரமாக வளரும் அதற்கு 1 அடி ஆழமும் போதாது. எங்கள் போர்வெல் தண்ணீர் கடினமானது. நியானுக்கு மென்மையான நீர்தான் ஏற்றது, அதனால் அதுவும் இல்லை. கடின நீரில் கப்பி மீன் நன்றாக வாழும். சென்னை கொளத்தூரில் 6 ஆண் கப்பிகள் வாங்கினேன். பெண்ணும் சேர்ந்தால் குட்டிகளாலேயே தொட்டி நிறைந்துவிடும். வாலைக் கடிக்கும் டைகர் பார்ப் மீனை தயவுசெய்து இவற்றோடு விடாதீர்கள்.

தொட்டி சுமார் 55 லிட்டர்தான். மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்திலேயே நின்றால், அப்புறம் அடியில் மணல் போட்டு 6 கோரிடோராஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி மீன்). அதோடு சரி.