வெப்ஸ்டர் என்ற குடும்பப் பெயர்: தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே, எங்கள் வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிறு ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன், வாய் சும்மா இருந்தால்தானே! இப்போது வெப்ஸ்டரில் வந்து சிக்கி நிற்கிறேன்.

நெசவு செய்கிறவர் என்பதுதான் பொருள். பழைய ஆங்கிலத்தில் தொழில் பெயர் 'ஸ்டர்' என்று முடிந்தால் பெண்ணைக் குறிக்கும். அப்படிப் பார்த்தால் வெப்ஸ்டர் முதலில் நெசவுக்காரி, பாக்ஸ்டர் ரொட்டி சுடுகிறவள், புரூஸ்டர் பீர் காய்ச்சுகிறவள். ஸ்பின்ஸ்டர்கூட நூல் நூற்கிறவள்தான், அப்புறம் அது கல்யாணமாகாதவள் என்று ஆனது தனிக் கதை. இடைக்காலத்தில் வட இங்கிலாந்தில் ஆண் நெசவாளர்களுக்கும் வெப்ஸ்டர் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. தெற்கே அதே தொழிலுக்கு வெப் என்ற பெயர்தான் அதிகம்.

பிரபலங்கள் பிரச்சினை இல்லை. 1828-இல் அமெரிக்க ஆங்கில அகராதியை வெளியிட்டு, 'கலர்' என்ற சொல்லில் 'யு' எழுத்தை வெட்டிய நோவா வெப்ஸ்டர் ஒருவரே போதும்.

என் கேள்வி இதுதான். யார்க்‌ஷர், லங்காஷர் பக்கம் வசிக்கிறவர்கள் பழைய கல்லறைக் கல்லிலோ தேவாலயப் பதிவேட்டிலோ இந்தப் பெயரையும் நெசவுத் தொழிலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களா? படம் இருந்தால் போடுங்கள், மங்கலாக இருந்தாலும் சரி. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பப் பெயர் வரைபடம் போடுகிறார்களே, அதைக் கைபேசியிலேயே பார்க்க வழி உண்டா? சனிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.