மறு: ஏறுசறுக்கா, ஏறிச்சறுக்கா?

அனைவருக்கும் வணக்கம். காலில் பலகை கட்டிக்கொண்டு பனிமலையில் நடந்து ஏறி, பிறகு சறுக்கி இறங்குகிற விளையாட்டுக்கு (backcountry skiing) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு. தம்பி ‘ஏறுசறுக்கு’ என்றார்.

ரீச்சர் எழுதியது:
> ‘பின்னாட்டுப் பனிச்சறுக்கு’ என்றே வைத்துவிடலாமே. ஆங்கிலத்தில் இருப்பதும் அதுதானே.

ரீச்சர், குறை நினைக்க வேண்டாம், எனக்கு இது ஒத்துவரவில்லை. எதற்குப் பின்னால் இருக்கிற நாடு? திருகோணமலைக்காரனைக் கேட்டால் பின்னாடு கொழும்பு என்பான்.

சுவிஸில் இருக்கும் என் அக்காவின் மகன் போன மாசியில் நாலு கூட்டாளிமாரோடு பெரிய சென் பெர்னார் கணவாய்க்குப் போய்வந்தான். 2,469 மீற்றர் உயரம். குளிர்காலத்தில் வீதியை மூடிவிடுவார்கள். அதன்பிறகு பனியில் நடந்து ஏறுகிறவர்களுக்குத்தான் வழி, ஆளை மேலே இழுத்துவிடுகிற கம்பிவடம் ஒன்றும் கிடையாது. ஏற இரண்டரை மணித்தியாலம், இறங்க அரை மணித்தியாலம் என்றான். ஆறில் ஐந்து பங்கு ஏற்றமாக இருக்கும்போது சொல்லிலும் ஏற்றம் இருக்கத்தானே வேண்டும்? அதனால்தான் தம்பியின் ‘ஏறுசறுக்கு’ எனக்குப் பிடித்தது. ‘தேடுபொறி’ போல வினைத்தொகை, வாயில் நிற்கும்.

அண்ணை மறித்தார்:
> சாண் ஏற முழம் சறுக்குகிற நினைப்பல்லவா வருகிறது! வருசப்பிறப்புக்குக் கிறீஸ் பூசிய வழுக்குமரம்தான் கண்ணில் நிற்கிறது.

நியாயம்தான். ஆனால் ஏறும்போது சறுக்காமல் இருப்பதற்கென்றே இவர்களிடம் ஒரு சாமான் இருக்கிறது. பலகையின் அடியில் நீளவாக்கில் ஒட்டுகிற பட்டி. முந்தி கடல்நாய்த் தோலில் செய்தார்களாம், இப்போது அங்கோரா ஆட்டு மயிரிலும் நைலோனிலும் வருகிறது. மயிரெல்லாம் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. குதிக்காலையும் கட்டாமல் விட்டிருப்பதால் சாதாரணமாக நடக்கலாம். உச்சிக்குப் போனதும் பட்டியை உரித்துச் சுருட்டிப் பைக்குள் வைத்து, குதிக்காலைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

பையன் விடுமுறையில் வந்தபோது பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். விறாந்தையில் வைத்து நானும் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தடவினால் வெல்வெட், திருப்பித் தடவினால் கையைப் பிடிக்கிறது. மீன் கொண்டுவருகிறவர் படலையடியில் நின்றார், அவரிடமும் கொடுத்தேன். இரண்டு தரம் தடவிவிட்டு, “சுறாத்தோல் மாதிரி எல்லோ கிடக்கு” என்றார். உண்மைதான். சுறாவைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழ, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் அரம். பிரெஞ்சுக்காரர் அந்தப் பட்டியை இன்றைக்கும் கடல்நாய்த்தோல் என்றுதான் சொல்கிறார்கள். நாம் ‘பிடிதோல்’ என்போம்.

சரி, அண்ணையின் வழுக்குமரத்துக்கு மருந்து ஓர் எழுத்தில் இருக்கிறது: ‘ஏறிச்சறுக்கு’. வினையெச்சமாக்கிவிட்டால் முதலில் ஏற்றம், பிறகு சறுக்கு என்று வரிசை தெளிவாகிவிடும். ‘சறுக்கல்’ மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே தேர்தலில் தோற்றவர்களுக்குப் போய்விட்டது.

அடுத்தது, இப்படி ஏறுகிறவர்கள் மலையில் இரவு தங்குகிற இடம். ‘குடில்’ என்றால் ஓலைக்கொட்டில்தான் நினைவுக்கு வரும். இவை கல்லாலும் மரத்தாலும் கட்டியவை. சுவிஸ் அல்பைன் கழகம் என்ற மலையேறுவோர் சங்கத்திடம் மட்டும் ஏறக்குறைய 150 இருக்கின்றன. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கிருக்கிற பொதுச் செருப்பைப் போட வேண்டும். சூப்பைக் குடித்துவிட்டு முன்பின் தெரியாதவர்களோடு வரிசையாகப் படுக்க வேண்டும். பருத்தித்துறையில் தெருவை மூடிக் கட்டிய பழைய வழிப்போக்கர் மடமான தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கும் கதிர்காமத்துக்கு நடந்து போனவர்களுக்கும் இதற்கு வேறு பேர் தேட வேண்டியதில்லை: ‘மலைமடம்’. சென் பெர்னாரில் உள்ளதோ உண்மையாகவே துறவிகளின் மடம், 11ஆம் நூற்றாண்டிலிருந்து வழிப்போக்கரை ஏற்றுவருகிறது.

கடைசியாக, இதில் விளையாட்டு வேண்டாம். நம் பட்டியலில் ‘பனிச்சரிவு’ இரண்டு இடத்தில் இருக்கிறது: ஓரிடத்தில் பனி மூடிய மலைச்சாய்வு, இன்னோரிடத்தில் ஆளைப் புதைக்கிற பனிப் பெயர்வு. பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில்தான் பனி பெயரும். அந்த எச்சரிக்கையை இந்தப் பட்டியலை வைத்து எழுதினால், “பனிச்சரிவில் பனிச்சரிவு ஏற்படலாம்” என்று வரும். மலைநாட்டு மழைக்கால அறிவித்தல்களில் ‘மண்சரிவு’ பழகிய சொல். ஆகவே பெயர்ந்து விழுவது பனிச்சரிவு, நிற்கிற நிலம் பனிச்சாய்வு.

உவர்மலையிலிருந்து,
உங்கள் வழக்கமான வம்புக்காரன்

---

ரீச்சரின் பதில்:

பின்னாட்டை எடுத்துவிட்டேன். சரிவு, சாய்வு இரண்டையும் இன்றிரவே திருத்துகிறேன். மலைமடம் நல்ல வடிவு. பிடிதோலை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.